பொம்மைக்கும் பேய்க்கும் ஒரே தயாரிப்பாளர்: ராய் லீக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய திரு. ராய் லீ அவர்களுக்கு,

வணக்கம். 2014இல் 'தி லெகோ மூவி' பார்க்க என் மகனை அழைத்துச் சென்றபோது அவனுக்கு வயது ஏழு. மூன்று ஆண்டுகள் கழித்து வந்த 'இட்' படத்துக்கு, அவனை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். பெயர்ப் பட்டியல் ஓடி முடியும்வரை இருக்கையை விட்டு எழாத பழக்கம் எனக்கு உண்டு. அதனால்தான், பிளாஸ்டிக் கட்டைகளால் ஆன அந்த உலகத்தைத் தயாரித்த டான் லின், ராய் லீ என்னும் அதே இரண்டு பெயர்கள், சாக்கடைக்குள்ளிருந்து கோமாளி எட்டிப் பார்க்கும் படத்திலும் இருப்பதைக் கவனித்தேன்.

குழந்தைகள் படத்தையும் பேய்ப்படத்தையும் ஒருவரே எடுப்பது எப்படி என்று கேட்டபோது, சிரிப்பும் விலைபோகும், அலறலும் விலைபோகும், வியாபாரி இரண்டையும் விற்பார் என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை.

வாஷிங்டனில் வழக்கறிஞராக இருந்த நீங்கள் 1990களில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தீர்கள். ஆசியாவில் ஏற்கெனவே ஓடி வெற்றிபெற்ற படத்தை, இன்னும் யாரும் எடுக்காத திரைக்கதையைப் போல ஹாலிவுட் நிறுவனங்களின் முன்வைத்ததுதான் உங்கள் தனி வழி. ஹிதேயோ நகாதா 1998இல் இயக்கிய ஜப்பானியப் படம் 2002இல் 'தி ரிங்' ஆனது அப்படித்தான். 2004இல் வந்த 'தி கிரட்ஜ்' படத்தை, மூலப்படத்தை எடுத்த தகாஷி ஷிமிஸுவே டோக்கியோவில் இயக்கினார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் மறுஆக்கத்தின் வெளிச்சத்தில் மூலம் மங்கிப்போவதும் நடக்கிறது. நீங்கள் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்த 'தி டிபார்ட்டட்' 2007 ஆஸ்கர் மேடையில் விருது பெற்றபோது, அதன் மூலமான ஹாங்காங் படத்தை ஜப்பானியப் படம் என்று அறிவித்தார்கள். அந்தப் பிழை உங்களுடையதன்று; எனினும் உங்கள் தொழிலின் மீது எனக்குள்ள மனக்குறை அதுதான்.

இனி, நான் எழுதவந்த விஷயம். 'தி ரிங்' படத்தில், பார்த்தவர் ஏழு நாளில் இறந்துபோகும் ஒரு சபிக்கப்பட்ட வீடியோ நாடா; அதை நகலெடுத்து வேறொருவருக்குக் காட்டினால்தான் தப்பலாம். முடிவில், மகனைக் காப்பாற்றுவதற்காக அந்த நாடாவை அவன் கையாலேயே நகலெடுக்க வைக்கிறாள் தாய். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவளும் அவளேதான். 'இட்' படத்தில் குளியலறை முழுவதும் தெறித்திருக்கும் இரத்தம் சிறுமியின் கண்ணுக்குத் தெரிகிறது, அவளுடைய தந்தைக்குத் தெரிவதில்லை. 'தி லெகோ மூவி'யில் அத்தனை சாகசமும் ஒரு வீட்டின் நிலவறையில் சிறுவன் ஒருவன் ஆடும் விளையாட்டு என்பது கடைசியில்தான் புலப்படுகிறது. அங்கே வில்லனின் பயங்கர ஆயுதம், கட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும் என்று அப்பா ஒட்டுகிற பசை. சிட்னியின் அனிமல் லாஜிக் நிறுவனக் கலைஞர்கள் கணினியில் உருவாக்கிய அந்தக் கட்டைகளில் கீறலும் விரல்ரேகையும்கூடத் தெரியும். யாரோ ஒரு குழந்தையின் கை பட்ட பொருள்கள் அவை என்பதை முதலிலிருந்தே படம் நமக்குக் காட்டிக்கொண்டிருந்தது, நாம்தான் பார்க்கவில்லை. பிள்ளைகள் காண்பதைப் பெரியவர்கள் காணத் தவறும் அந்த ஒரே வீட்டைத்தான் நீங்கள் பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் திறந்து காட்டுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் திட்டமிட்டுத் தேர்ந்தீர்களா என்பது வேறு கேள்வி. தயாரிப்பாளர் தேடிப் போகும் கதைகளும் உண்டு, அவரைத் தேடி வரும் கதைகளும் உண்டு.

2025இல் அந்தப் பகலுக்கும் இரவுக்கும் இடையிலான இடைவெளி இன்னும் குறுகிவிட்டது. ஏப்ரலில் உங்கள் 'எ மைன்கிராஃப்ட் மூவி', ஆகஸ்டில் உங்கள் 'வெப்பன்ஸ்'. ஒன்றில் கட்டிகளால் கட்டி விளையாடும் உலகம், மற்றதில் ஒரே வகுப்பைச் சேர்ந்த பதினேழு பிள்ளைகள் நள்ளிரவு தாண்டி 2:17 மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு இருட்டுக்குள் ஓடுகிறார்கள். இரண்டையும் என் மகன் நண்பர்களோடு பார்த்துவிட்டு வந்தான். இப்போது அவனுக்குப் பதினெட்டு வயது, என்னுடைய துணை வேண்டியதில்லை. முதல் படத்தைப் பற்றிச் சாப்பிடும்போது ஓயாமல் பேசினான். இரண்டாவதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், என் கைப்பேசியில் 2:17க்கு அலாரம் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

அன்புடன்,
உங்கள் இரசிகன்