அந்த மாத்திரையை மறுபடி போடாதே

அன்புள்ள இளங்கோ,

நேற்று போனில் நீ சொன்னது முழுக்கக் காதில் விழுந்தது. பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் என்னால் விவரமாகப் பேச முடியவில்லை. நீயும் கூச்சத்தில் பாதியை விழுங்கிவிட்டாய். இத்தனை வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவளிடம் மலச்சிக்கலைப் பற்றிச் சொல்ல உனக்கு என்னப்பா கூச்சம்? ஆபரேஷன் ஆனவர்களிடம் காலை ரவுண்டில் டாக்டர் முதலில் கேட்பதே காற்றுப் பிரிந்ததா, வெளிக்குப் போனீர்களா என்பதைத்தான். உன் காலில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்த டாக்டரிடம் நீ ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு வந்தாயே, அதுதான் எனக்கு வருத்தம்.

நீ சொன்னதை நான் புரிந்துகொண்ட வரிசையில் எழுதுகிறேன், தப்பிருந்தால் சொல். நான்கு நாளாகப் போகவில்லை. ராத்திரி பிஸகோடில் என்ற பேதி மாத்திரை இரண்டைப் பாலோடு போட்டாய். விடிந்ததும் ஒன்றும் ஆகவில்லை என்று இன்னும் இரண்டு போட்டாய். மத்தியானம் வயிற்றை முறுக்கி, தண்ணீர் தண்ணீராகப் போனது. அடுத்த இரண்டு நாள் போகவேயில்லை, மறுபடியும் அடைத்துக்கொண்டது என்று நினைத்துத் திரும்பவும் இரண்டு போட்டாய்.

முதல் ராத்திரி போட்ட மாத்திரை வேலை செய்யாமல் போகவில்லை. அதற்குரிய நேரம்தான் ஆகியிருக்கவில்லை. பிஸகோடிலும் சென்னா என்ற மூலிகை மருந்தும் பெருங்குடலின் சுவரைத் தூண்டி அசைய வைக்கிறவை. வாய் வழியாகப் போட்டால் பலன் தெரிய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். பத்து மணிக்குப் போட்டுவிட்டு ஆறு மணிக்கே பொறுமை இழந்தால், இரண்டு வேளை மருந்தும் ஒன்றுசேர்ந்து வேலை செய்யத்தான் செய்யும். பெரியவர்களுக்கு வழக்கமாக 5 அல்லது 10 மில்லிகிராம், நாளுக்கு ஒரு வேளை. பன்னிரண்டு மணி நேரத்தில் போகவில்லையென்றாலும் அன்றைக்கு அவ்வளவுதான், கூட்டக் கூடாது.

பாலும் சேர்ந்து உன்னைப் படுத்தியிருக்கிறது. அந்த மாத்திரைக்கு மேலே ஒரு பூச்சு உண்டு. இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரைவதற்காகத்தான் அந்தப் பூச்சு. பாலோ, அமிலத்தைக் குறைக்கும் மருந்தோ கூடச் சேர்ந்தால் அது முன்னாலேயே கரைந்து, வயிற்றுப் பிசைவும் குமட்டலும் வரும். ஒரு மணி நேர இடைவெளியாவது வேண்டும். தண்ணீரோடு, முழுசாக விழுங்க வேண்டும். உடைக்கவோ மெல்லவோ கூடாது.

இப்போது நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது. பேதியாகி ஓய்ந்த பிறகு இரண்டு மூன்று நாள் போகாமல் இருப்பது மலச்சிக்கல் இல்லை. சாதாரணமாகப் போகும்போது பெருங்குடலின் கீழ்ப்பகுதி மட்டும்தான் காலியாகிறது. பேதி மருந்து அதற்கு மேலே இருப்பதையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுகிறது. அது மறுபடி நிரம்பவே நாளாகும், அதுவரை வெளியேற உள்ளே எதுவும் இருக்காது. இது தெரியாமல்தான் ஜனங்கள் பயந்துபோய் அடுத்த மாத்திரையைப் போடுகிறார்கள். அது மறுபடி காலி பண்ணும், மறுபடி போகாது, மறுபடி மாத்திரை. இப்படி ஆரம்பித்து வருஷக்கணக்காகத் தினமும் ராத்திரி பேதி மாத்திரை இல்லாமல் படுக்காதவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். ‘எனக்குக் குடலே வேலை செய்யாது சிஸ்டர்’ என்பார்கள். வேலை செய்ய அதற்கு அவகாசமே கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் இன்னொரு தடவை போடாதே, இளங்கோ. தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திரு. தினமும் போயே ஆக வேண்டும் என்று உடம்புக்குச் சட்டம் எதுவும் இல்லை. ஒரு நாளில் மூன்று தடவையில் இருந்து வாரத்தில் மூன்று தடவை வரைக்கும் எதுவும் இயல்புதான். கெட்டியாக, முக்கி முக்கிப் போக வேண்டியிருக்கிறதா, போன பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றுகிறதா என்று பார்.

இந்த மாத்திரைகள் குடலைச் சோம்பேறியாக்கிவிடும் என்று பலரும் சொல்வார்கள். சொன்ன அளவில் போட்டால் குடலே கெட்டுப்போகும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. என் பயம் வேறு. அளவு மீறிப் பேதியானால் தண்ணீரோடு பொட்டாசியமும் போய்விடும். கை கால் ஓய்ந்துபோவது, தலைசுற்றல், கடைசியில் இதயத் துடிப்பே தப்புவது என்று அது கொண்டுபோய் விடும். இன்றைக்கு உனக்குப் படபடப்போ மயக்கமோ இருந்தால் இந்தக் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு டாக்டரிடம் போ.

உனக்கு ஏன் இப்படி ஆனது என்று பார்த்தால், வலிக்குக் கொடுத்த டிரமடால்தான் முதல் காரணம். அந்த வகை மருந்துகள் குடலின் அசைவையும் மந்தமாக்கும், உள்ளே சுரக்கும் நீரையும் குறைக்கும். அவற்றால் வரும் குமட்டலும் தூக்கமும் சில நாளில் பழகிப்போகும், மலச்சிக்கல் மட்டும் பழகாது. அதனால்தான் வலி மாத்திரை ஆரம்பிக்கும்போதே மலமிளக்கியையும் சேர்த்து எழுதுவார்கள். கூடவே நீ இரும்புச்சத்து மாத்திரை போடுகிறாய், அதுவும் கெட்டிப்படுத்தும். படுத்தே இருக்கிறாய். இவ்வளவும் சேர்ந்திருக்கும்போது உன் குடலைக் குறை சொல்லக் கூடாது. வலி குறைந்திருந்தால் டிரமடாலைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேள். நீயாக நிறுத்திவிடாதே.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்தார்களே டாகுசேட், அது மலத்துக்குள் நீர் புக வழி செய்து மிருதுவாக்கும், அவ்வளவுதான். குடலைத் தள்ளாது. 12 மணி முதல் 72 மணி நேரம் வரை எடுக்கும். என் அபிப்பிராயத்தில் உன்னை மாதிரி நிலையில் அதை மட்டும் நம்பியிருப்பது போதாது. உன் நண்பன் சொன்ன இசப்கோல் நல்லதுதான், ஆனால் இப்போது உனக்கு வேண்டாம். அது தண்ணீரை உறிஞ்சி உப்புகிற பொருள். குடல் மந்தமாக இருக்கும்போது, தண்ணீரும் குறைவாகக் குடித்தால், உப்பினது உள்ளேயே நின்று அடைத்துவிடும். வலி மாத்திரை நின்று, நடமாட ஆரம்பித்த பிறகு எடுத்துக்கொள். அப்போதும் ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு, படுக்கப்போகும் நேரத்தில் இல்லாமல், மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு.

டாக்டர் எழுதிக் கொடுப்பாரென்று நான் எதிர்பார்ப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள். ஒரு வேளைக்கு 17 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில் முழுக்கக் கரைத்துக் குடிப்பது. குடலுக்குள் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்யும், முறுக்கல் குறைவு. ஆனால் இதற்கு ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். முதல் நாளே பலனில்லை என்று இதையும் இரட்டிப்பாக்கிவிடாதே. லாக்டுலோஸ் சிரப் கொடுத்தாலும் ஒன்றிரண்டு நாள் பொறுக்க வேண்டும். வயிறு உப்பும், காற்றுப் பிரியும், பயப்படாதே. எதுவாக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் ஒரு வாரத்துக்கு மேல் நீயாகத் தொடராதே.

அப்பாவுக்கும் ஒரு பாட்டில் மெக்னீசியம் கலந்த பேதி மருந்து வாங்கி அனுப்பவா என்று கேட்டாய். உன் நல்ல மனசு புரிகிறது, ஆனால் வேண்டவே வேண்டாம். அவருக்குச் சிறுநீரகம் பலவீனம், நீர் பிரிய மாத்திரையும் சாப்பிடுகிறார். சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் மெக்னீசியம் ரத்தத்தில் ஏறிவிடும். சோடியம் பாஸ்பேட் கலந்த பேதி மருந்து இன்னும் மோசம். 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்கு மேல் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்பட்டதைப் பார்த்து 2014-லேயே அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. 55 வயது தாண்டியவர்கள், நீர் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள் எல்லாம் அந்த எச்சரிக்கையில் வருகிறார்கள். அப்பா அந்த ஆள்தான். அவர் டாக்டரைக் கேட்டு நான் பார்த்துக்கொள்கிறேன்.

மூலிகை என்று போட்ட பொடி ஏதும் வாங்காதே. பலதில் இருப்பது சென்னாதான். நீ போட்ட மாத்திரைக்கு மேலே அதுவும் சேர்ந்தால் இரட்டை வேளைதான். திரவ பாராஃபின் எண்ணெயும் வேண்டாம். படுத்தபடி குடித்துப் புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். டாகுசேட்டோடு அதைச் சேர்க்கவே கூடாது.

காலையில் சாப்பிட்ட அரைமணிக்குள் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் கழிவறைக்குப் போய் உட்கார். டாக்டர் அனுமதித்தால், நல்ல காலை ஒரு சின்ன முக்காலியில் வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி, கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொள். ஆபரேஷன் ஆன காலை மடக்க அவரிடம் கேட்காமல் முயற்சி செய்யாதே. முக்காதே. பத்து நிமிஷத்தில் வரவில்லையென்றால் எழுந்து வந்துவிடு. போனை உள்ளே கொண்டுபோகாதே. வருகிற உணர்வை அடக்கி வைக்காதே, தள்ளிப்போடப்போட மலம் இன்னும் வறண்டுபோகும்.

வயிறு வீங்கி, கடுமையாக வலித்து, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லையென்றால் எந்த மலமிளக்கியையும் தொடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. குடலில் அடைப்பு இருக்கும்போது பேதி மருந்து போடுவது ஆபத்து. ரத்தம் கண்டாலும் சொல்ல வேண்டும். இரும்பு மாத்திரையால் மலம் கருப்பாகப் போவது சகஜம், ஆனால் தார் மாதிரி பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனால் அது ரத்தமாக இருக்கலாம். இன்னொன்று: பல நாள் போகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் பேதி என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை போடாதே. கெட்டியாக அடைத்திருப்பதன் ஓரமாக நீர் கசிகிறதாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது நீ போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போ. எத்தனை நாள் போகவில்லை, எதை எத்தனை மணிக்குப் போட்டாய் என்பதை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடு, வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அது போதும். அவர் என்ன மருந்து, எத்தனை நாளைக்கு என்று சொன்னார் என்பதை வீட்டுக்கு வந்ததும் எனக்குப் போன் பண்ணிச் சொல். இந்தத் தடவை நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் பண்ணு, மத்தியானம் மூன்று மணிக்கு மேல்.

அன்புடன்,
அம்மா