ஒரு மின்னல் வண்ணம், மூன்று மின்னல் சத்தம்

ஊர்ப் பெரியவர்களுக்கும், வரிதாரர்களுக்கும், மேலத்தெரு கீழத்தெரு உறவுகளுக்கும், பிழைப்புக்காக எங்கெங்கோ போய்விட்டு நம் அம்மன் கோயில் திருவிழாவான ஆடிக் கொடைக்கு மட்டும் தவறாமல் வந்து நிற்கிறவர்களுக்கும் வணக்கம்.

அப்பா இன்று காலை சுவரைப் பிடிக்காமல் புறவாசல் வரை நடந்தார். கிணற்றடியில் நின்று, "பந்தலை இன்னும் பிரிக்கவில்லையா? வாடகை நாள் கணக்கில் ஏறுமே" என்றார். இந்த மடலை எழுத உட்கார எனக்கு அது போதும். மூன்று வாரமாக எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த இரவில் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடியவர்களே நீங்கள்தான். அதைத் திரும்ப எழுத எனக்குக் கை வரவில்லை.

நன்றி சொல்வதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். பந்தக்கால் நடும் கால்நாட்டுக்கு முந்தின நாள் ஊர்க்கூட்டத்தில் நான் பேசியது அதிகம். கொடையைத் தள்ளிப் போடுங்கள், முடியாது என்றால் வாணவேடிக்கையையாவது நிறுத்துங்கள் என்றேன். அத்தோடு விட்டேனா? 2016 ஏப்ரலில் கொல்லம் பக்கம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் நூறு பேருக்கு மேல் செத்தது மறந்துவிட்டதா என்று கேட்டேன். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அங்கே பொறி போய் விழுந்தது வெடி குவித்து வைத்திருந்த கட்டடத்தில். அந்த வருடக் கொடையிலேயே, வேட்டுச் சரக்கு கோயில் பக்கமும் கூட்டத்தின் பக்கமும் இருக்கக் கூடாது என்று நம் ஊரில் விதி போட்டவர் யார்? அப்பாதான். அவர் போட்ட விதியை வைத்தே அவர் நடத்துகிற கொடையை மறிக்கப் பார்த்தேன். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அப்பாவிடம் இந்தப் பேச்சு போனதும் அவர் கூப்பிட்டுச் சொன்னது இரண்டே வார்த்தை. "கால் நாட்டச் சொல்." அப்புறம், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "என் பெயரால் அம்மனுக்குக் கொடை நின்றது என்று இருக்க வேண்டாம்."

எனவே கொடை நடந்தது. திங்கள்கிழமை இரவு குடியழைப்பு, செவ்வாய்க்கிழமை மதியக் கொடை, சாமக்கொடை, புதன்கிழமை படைப்பு, மஞ்சள் நீராட்டு என்று ஒன்றும் குறையவில்லை. குறையாமல் நடந்ததோடு, ஒரு நோயாளி படுத்திருக்கிற வீட்டை மனதில் வைத்துக்கொண்டே நடந்தது. அதற்காகத்தான் இந்த மடல்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், மதியக் கொடை முடிந்து எல்லோரும் கண் அசந்திருந்த நேரம். வேட்டி மடித்துக் கட்டிய ஒருவர் எங்கள் வாசலில் நின்றார். கை விரல்களில் வெள்ளியும் கறுப்புமாக மருந்துக் கறை. வேட்டுக்காரர். வெளியூர். அப்பா சித்திரையில் பேசி முன்பணம் கொடுத்து வைத்தவர். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுந்து போனேன். பாக்கிப் பணம் கேட்க வந்திருப்பார் என்று நினைத்தேன்.

"பெரியவர் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கிறார், தாயி?" என்று கேட்டார்.

டீக்கடையில் கேள்விப்பட்டாராம். உள்ளே வரவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு புறவாசலுக்குப் போனார். கீழே கிடந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து மெல்ல உதிர்த்துப் பார்த்தார். ஆடி மாதம் நம் பக்கம் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியும். கோயில் திடல் எங்கள் வீட்டுக்கு மேற்கே இருக்கிறது. அங்கே வெடித்தால் சத்தம், புகை இரண்டையும் காற்று நேராக அப்பாவின் கட்டிலில் கொண்டுவந்து இறக்கும். கிழக்கே குளத்தங்கரையில் வைத்தால் புகை அப்படியே வயல் பக்கம் போய்விடும், சத்தமும் காற்றை எதிர்த்து வர வேண்டியிருப்பதால் பாதி அடங்கிவிடும், வெளிச்சத்துக்கு மட்டும் காற்று ஒரு தடை இல்லை, கட்டிலைப் புறவாசலில் போட்டால் பெரியவர் படுத்தபடியே பார்க்கலாம் என்றார். இவ்வளவையும் ஏதோ வாழைக்கன்று நட இடம் பார்க்கிற மாதிரி சொன்னார்.

அதிர்வேட்டு எல்லாவற்றையும் விட்டுவிடலாமே என்றேன். அவர் உடனே தலையாட்டவில்லை. அம்மனுக்கு என்று நேர்ந்துகொண்டவர்கள் கொடுத்த வேட்டு அதில் இருக்கிறது, அதை நான் எப்படிக் கழிப்பேன் என்றார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சத்தம் கெடுதல் இல்லை, தாயி. தெரியாமல் வருகிற சத்தம்தான் கெடுதல். பக்கத்தில் நிற்கிற எனக்கு ஏன் நெஞ்சு திடுக்கிடுவதில்லை? திரி எப்போது தீரும் என்று எனக்குத் தெரியும். அதைப் பெரியவருக்கும் சொல்லிவிட்டால் போகிறது."

டாக்டரைக் கேட்காமல் நான் சரி என்று சொல்லவில்லை. போனில் கேட்டேன். அவ்வளவு தூரத்தில் என்றால் பரவாயில்லை, ஆனால் பக்கத்திலேயே இருங்கள் என்றார்.

இரவு சாமக்கொடைக்கு முன்னால் வேட்டுக்காரர் தன்னோடு வந்திருந்த இளைஞரை எங்கள் புறவாசலுக்கு அனுப்பினார். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். நார்க்கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். குளத்தங்கரையிலிருந்து டார்ச் ஒரு முறை மின்னினால் வண்ணம், மூன்று முறை மின்னினால் சத்தம். இதுதான் ஏற்பாடு. டார்ச் மின்னியதும் இளைஞர் அப்பாவின் காதருகே குனிந்து, "தாத்தா, ஐந்து சத்தம் வருகிறது" என்பார். அப்பா ஐந்து விரலையும் விரித்து வைத்துக்கொள்வார். ஒவ்வொரு வேட்டுக்கும் ஒரு விரலை மடக்குவார். நான்கு வெடித்து ஒன்று வெடிக்காமல் போனபோது, மிச்சமிருந்த கட்டை விரலை நீட்டியபடி, "ஒன்று நமத்துப் போனது. கணக்கில் கழிக்கச் சொல்" என்றார். மூன்று வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். அல்லது அழுதுகொண்டே சிரித்தாள், இருட்டில் தெரியவில்லை.

வண்ணம் விரியும்போதெல்லாம் குளத்துத் தண்ணீரிலும் ஒன்று விரிந்தது. முப்பது வருடமாகக் கோயில் திடலிலேயே நின்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, ஒரு கொடையில்கூட வாணத்தை நிமிர்ந்து பார்த்ததில்லையாம். அவரே சொன்னார். சிவப்பு வந்தது, மஞ்சள் வந்தது, வெள்ளி மழை வந்தது. முன்பெல்லாம் பச்சை வரும் என்று சொல்வார்களே, பச்சை எங்கே என்று கேட்டார். பச்சைக்குப் பேரியம் உப்பு சேர்க்க வேண்டும் தாத்தா, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டது என்று இளைஞர் விளக்கினார். "கார் நெல்லுக்குத் தண்ணீர் வராமல் வயலில்தான் பச்சை போயிற்று என்று பார்த்தால், வானத்திலுமா?" என்றார் அப்பா. உடம்பு தேறுகிறது என்பதற்கு எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை.

புதன்கிழமை காலை வேட்டுக்காரர் வாணக் குழாய்களைக் கழுவி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு கவரில் பணம் வைத்துக்கொண்டு போனேன். சித்திரையில் அப்பா பேரம் பேசி அவருடைய கூலியில் இரண்டாயிரம் ரூபாய் குறைத்திருந்தார் என்று வரி நோட்டில் பார்த்திருந்தேன். (அப்பா பேரத்தில் யாரையும் விட்டதில்லை, மேளக்காரர் முதல் வாழைத்தார்க்காரர் வரை.) நான் கொண்டுபோனது ஐயாயிரம். அவர் எண்ணிப் பார்த்து இரண்டாயிரத்தை எடுத்துக்கொண்டு மூவாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இது என் கூலி, வாங்கிக்கொள்கிறேன். கோயில் கணக்கிலேயே எழுதிவிடுங்கள், பெரியவர் கேட்டால் நானே பதில் சொல்கிறேன். அது எதற்கு? டார்ச் அடித்ததற்கு யாராவது காசு வாங்குவார்களா?" என்றார். காலைச் சாப்பாடு மட்டும் சாப்பிட்டார், அதுவும் நின்றுகொண்டே.

அவருடைய பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதவில்லை.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும், ஒருவரை விட்டால் ஒருவர் கோபித்துக்கொள்வீர்கள். வேடிக்கை நடக்கும் இடம் மாறியதால், மனு எழுதிக்கொண்டு அந்த வெயிலில் காவல் நிலையத்துக்கும் ஊருக்கும் இரண்டு தடவை பைக்கில் அலைந்த தம்பிகள். குழாய்களைப் புதைக்க மணல் மூட்டை சுமந்தவர்கள். அம்மன் சன்னதிக்கு எதிரே வெடித்தால்தானே கொடை என்று முதலில் சண்டை பிடித்துவிட்டு, கடைசியில் அம்மனுக்குக் கண் குளம் வரைக்கும் தெரியும் என்று தாங்களே தீர்ப்புச் சொன்ன மேலத்தெரு ஆச்சிகள். எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்த ஒலிபெருக்கியைச் சொல்லாமலே திருப்பி வைத்த மைக் செட் அண்ணன். ஆஸ்பத்திரி நாட்களில் எங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவர்கள். படைப்புச் சோற்றை உப்பும் காரமும் இல்லாமல் அப்பாவுக்கென்று தனியாக ஒரு சட்டியில் வடித்துக் கொடுத்த அத்தை. அதை அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இது படைப்பா, பத்தியமா என்று கேட்டதை அத்தையிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

நையாண்டி மேளக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முளைப்பாரி ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் வந்தபோது, தவிலையும் பம்பையையும் கையால் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் நடந்தார்கள். மரியாதைக்காகச் செய்தது. ஆனால் அப்பா கொதித்துப்போனார். "என் வாசலில் மேளம் கொட்டாமல் போனால் ஊர் என்ன நினைக்கும்? நான் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்றா?" ஆள் அனுப்பிச் சொன்னதும், திரும்பி வரும்போது நாதஸ்வரம் மட்டும் வாசலில் நின்று ஊதியது. தவில் ஒற்றை விரலால் தாளம் தொட்டுக்கொண்டது. வில்லிசைக்காரர் அன்று இரவு குடத்தையும் உடுக்கையையும் எவ்வளவு அடக்கி வாசித்தார் என்பதை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் வந்து சொன்னார்கள். கதை கேட்காமல் போய்விட்டதே என்றுதான் அப்பாவுக்கு வருத்தம்.

இருபது வருடமாக இந்தக் கொடைக்கு நான் தாம்பரத்திலிருந்து ரயிலேறி வந்து, பொங்கல் வைத்து, கருப்பட்டி மிட்டாயும் காராச்சேவும் வாங்கிக்கொண்டு புதன்கிழமை இரவே திரும்பிப் போகிறவள். மேளம் எங்கிருந்து வருகிறது, வாணம் யார் கையில் இருக்கிறது, அடுப்பில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டதே இல்லை. கொடை என்பது தானாக நடக்கிற ஒன்று என்று நினைத்திருந்தேன் போல. இந்த முறை நோட்டு என் கையில் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒருவர் ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறார்.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த ஊரில், குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடைக்கு வாங்கும் தலைக்கட்டு வரி கிடையாது. தெரியும். வரி வேண்டாம், வரி நோட்டைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த ஆடிக்கு வீடு வீடாகப் போய் வசூல் எழுத நான் வருகிறேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து கணக்குச் சரிபார்க்கட்டும். பெரியப்பா, "பார்ப்போம்" என்றிருக்கிறார். அவர் அகராதியில் அதற்கு மறுப்பு என்று பொருள் இல்லை என்று அம்மா சொல்கிறாள். வேட்டுக்காரரிடம் மட்டும் இனி பேரம் கிடையாது; அதை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இந்த வருடக் கணக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை கோயிலில் வாசிக்கப்படும். கீழத்தெருவில் மூன்று வீட்டு வரி பாக்கி இருக்கிறது, யார் யார் என்று அவர்களுக்கே தெரியும். அந்த இளைஞர் தன் சாப்பாட்டுத் தூக்கை எங்கள் புறவாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் அவர்கள் பக்கம் யாராவது போவதாக இருந்தால் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போங்கள். அம்மா அதில் முறுக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.