நீ அனுப்பிய அந்த வீடியோ

ஸ்காபரோ
15 மே 2025

அன்புள்ள வாத்தி,

சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால்தான் இன்னும் சொற்கேளாமல் நிற்கிறது. பேத்திக்குப் பெயர் வைத்த படங்கள் வந்தன. காது அப்படியே உன்னுடையது, பாவம் பிள்ளை. மூக்கனைக் கண்டால் காணி விஷயத்தை நான் மறக்கவில்லை என்று சொல்லு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 29 காலை நீ ஒரு வீடியோ அனுப்பினாய். ஜக்மீத் சிங் மேடையில் நின்று கண் கலங்குகிற துண்டு. பின்னால் ஒரு சோகப் பாட்டு, மூலையில் குடம் குடமாய்க் கண்ணீர் விடும் பொம்மை. கீழே, "உங்கடை தலைப்பாக்காரருக்கு என்னடாப்பா நடந்தது?" என்று எழுதியிருந்தாய். நான் பார்த்துவிட்டேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். பதில் வரவில்லை. இரண்டு கிழமைக்கு மேல் ஆகிவிட்டது. கோபமா என்று நினைத்திருப்பாய். கோபம்தான். ஆனால் அதில் உன் பங்கு கொஞ்சம். அன்று காலை அதே வீடியோ எனக்கு நாலு இடத்திலிருந்து வந்தது, அனுப்பிய நாலு பேரும் எங்கடை ஆட்கள். எல்லோருக்கும் சேர்த்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். அவருடைய புதிய ஜனநாயகக் கட்சி (NDP) 24 ஆசனங்களோடு ஏப்ரல் 28 கனடாப் பொதுத் தேர்தலுக்குப் போய் 7 ஆசனங்களோடு திரும்பி வந்தது. நாடாளுமன்றத்தில் ஒரு கட்சியாக மதிக்க 12 பேர் வேண்டும், அதுவும் இல்லை. தன் தொகுதியான பேர்னபி சென்ட்ரலில் அவரே மூன்றாம் இடம். அன்றிரவே தலைமையை விடுகிறேன் என்று சொன்னார். நீ பார்த்த கண்ணீர் அந்த நேரத்துக் கண்ணீர். அதே இரவில் பழமைவாதக் கட்சித் தலைவர் பொய்லியேவும் தன் சொந்தத் தொகுதியில் தோற்றார் என்பதை உனக்கு யாராவது அனுப்பினார்களா?

இந்தக் கட்சிக்கு 2011இல் 103 ஆசனங்கள். அந்த வருஷம் நான் உனக்கு எழுதிய கடிதம் நினைவிருக்கிறதா? ராதிகா சிற்சபைஈசனுக்காகக் கதவு கதவாய்த் தட்டித் திரிந்தோம், கனேடிய நாடாளுமன்றத்துக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை போகிறாள் என்று. தவம் தன் வானின் இரண்டு பக்கமும் கட்சியின் செம்மஞ்சள் நிறத்தில் அட்டை கட்டிக்கொண்டு திரிந்தான். அவள் வென்ற இரவு அம்மா பால் காய்ச்சினார். அப்போதைய கட்சித் தலைவர் ஜாக் லெய்டன் அந்த ஆகஸ்டிலேயே புற்றுநோயில் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கட்சிக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை.

இந்தத் தடவை ஏன் இப்படி ஆனது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ட்ரம்ப் வரி போட்டான், கனடாவை 51ஆவது மாநிலம் ஆக்கப் போகிறேன் என்றான். சனம் பயந்தது. லிபரல் கட்சியில் ட்ரூடோ போய்க் கார்னி பிரதமராக வந்ததும், பொய்லியேவை நிறுத்தவேண்டும் என்று நினைத்த எல்லோரும் ஒரே பக்கமாய் லிபரலுக்குச் சாய்ந்தார்கள். சிங் செய்த பிழைகளும் இருக்கின்றன, நான் மறைக்கவில்லை. லிபரல் அரசாங்கத்தோடு வைத்திருந்த ஆதரவு ஒப்பந்தத்தைக் கிழித்தேன் என்று 2024 செப்ரெம்பரில் ஒரு வீடியோ போட்டார். பிறகு நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோதெல்லாம் அரசாங்கத்தைக் காப்பாற்றினார். டிசம்பரில் பழமைவாதக் கட்சிக்காரர் அவருடைய சொந்த வசனங்களையே எடுத்துத் தீர்மானமாய் எழுதிக் கொண்டுவந்தார்கள், அதற்கும் எதிராக வாக்களித்தார். பொய்லியேவ் ஆட்சிக்கு வருவதைத் தன்னால் பொறுக்க முடியவில்லை என்று பிறகுதான் காரணம் சொன்னார். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் சனம் கேட்டிருக்கும். இதற்காக அவரைத் திட்டினால் நானும் கூட நின்று திட்டுவேன். அரசியல்வாதியைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது?

ஆனால் வாத்தி, சனம் சிரித்தது இதற்கு இல்லை.

2017 ஒக்டோபரில் அவர் தலைவரானபோது இதே இணையம் அவரைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆடியது. கனடாவின் பெரிய கட்சி ஒன்றுக்கு வெள்ளையர் அல்லாத ஒருவர் தலைவரானது அதுதான் முதல் தடவை. எங்கே பிறந்தவர் தெரியுமா? இங்கே, ஸ்காபரோவில், 1979இல். அளவெடுத்துத் தைத்த சூட், நாளுக்கொரு நிறத்தில் தலைப்பாகை, கையில் நல்ல மணிக்கூடு. இளம் பெடியள் எல்லாம் ஆகா ஓகோ என்றார்கள். ரிக்ரொக்கில் ஆடினார், இணையத்தில் வீடியோ கேம்கூட விளையாடினார். இலட்சக்கணக்கில் பார்த்தார்கள். வாக்கு மட்டும் விழவில்லை. 2019இல் 24, 2021இல் 25, அவ்வளவுதான். பிறகு காற்று மாறியது. அதே சூட், அதே மணிக்கூடு. தொழிலாளருக்காகக் கதைக்கிறவருக்கு ரொலெக்ஸ் எதற்கு என்று எதிர்க்கட்சி விளம்பரமே போட்டது. விலைபோனவர் என்று பட்டம் வைத்தார்கள். 2019 பெப்ரவரி 25 இடைத்தேர்தலில் வென்றவர், ஆறு வருஷம் முடிந்தால் ஓய்வூதியம், அதற்காகத்தான் தேர்தலைத் தள்ளுகிறார் என்று ஒரு கணக்கு. அதைக் கனடாவில் கேள்விப்படாத ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், அங்கே இருக்கும் உனக்கு இது தெரிய நியாயமில்லை. 2023 ஆகஸ்டிலிருந்து இங்கே பேஸ்புக்கிலும் இன்ஸ்ரகிராமிலும் செய்தி பார்க்க முடியாது. செய்தி நிறுவனங்களுக்குக் காசு கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது, இரண்டையும் நடத்துகிற மெற்றா கொம்பனி கொடுக்கமாட்டேன் என்று செய்தியையே நிறுத்திவிட்டது. ஒரு பத்திரிகைக் கட்டுரையை ஒட்டிப் பார், ஒட்டாது. பொம்மைப் படமும் பாட்டுப் போட்ட வீடியோவும் மட்டும் தாராளமாய் ஓடும். அப்படித்தான் இந்தத் தேர்தல் நடந்தது. எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் 43 பேர். மார்ச் 23 தேர்தல் அறிவித்த நாளிலிருந்து அதில் விழுந்ததில் ஒன்றாவது வீட்டு வாடகை பற்றியோ மருந்துச் செலவு பற்றியோ இல்லை. தலைப்பாகை, மணிக்கூடு, ஓய்வூதியம். திரும்பவும் தலைப்பாகை.

தேர்தல் நடுவில் அவர் ஒரு விஷயம் சொன்னார். 2023 கடைசியில் உயிருக்கு ஆபத்து என்று பொலிஸ் வந்து எச்சரித்ததாம், பாதுகாப்புப் போட்டார்களாம், குடும்பத்தை நினைத்து அரசியலை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாராம். அதையும் ஒருவர் குழுவில் போட்டார். அதற்குக் கீழேயும் சிரிப்புக் குறி. வாசலில் பொலிஸ் நிற்க வீட்டுக்குள் பிள்ளைகளோடு இருப்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியாதா? எங்களுக்கே தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. 2019 தேர்தல் நேரம், ஒக்டோபர் தொடக்கம். மொன்றியலில் அற்வோட்டர் சந்தையில் சிங் கைகொடுத்துக்கொண்டு போகிறார். ஒரு வயதான வெள்ளைக்காரர் கிட்ட வந்து, தலைப்பாகையை வெட்டிவிடு, அப்போதுதான் கனேடியன் மாதிரித் தெரிவாய் என்று காதருகில் சொல்கிறார். சிங் முகம் சுளிக்கவில்லை. கனேடியர் எல்லா மாதிரியும்தான் இருப்பார்கள், அதுதான் இந்த நாட்டின் வடிவு என்கிறார். ரோமுக்குப் போனால் ரோமர் மாதிரி நடக்கவேண்டும் என்று அவர் விடாமல் சொல்ல, இது கனடா ஐயா, இங்கே விரும்பினபடி இருக்கலாம் என்று சொல்லிவிட்டு நடக்கிறார். நீ வெல்லவேண்டும் என்று அந்தக் கிழவரே வாழ்த்தி அனுப்புகிறார்.

அந்த வீடியோவை நான் குசினியில் நின்று அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். அந்த மனுசன் என்ன சொல்கிறான் என்று கேட்டார், தமிழில் சொன்னேன். முறித்த காயைச் சுளகில் போட்டுவிட்டுப் பெருவிரலால் நெற்றியை ஒருக்கால் துடைத்தார். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் நெற்றி. பிறகு சொன்னார்: "83இலை வெள்ளவத்தையிலை நான் பொட்டை அழிச்சுப்போட்டுத்தான் லொறியிலை ஏறினனான். ஆர் சொல்லியும் இல்லை, நானாத்தான் அழிச்சனான். பிறகு எத்தினை வருஷம் பொட்டு வைச்சிருப்பன், ஒவ்வொரு நாளும் கண்ணாடியைப் பார்க்கேக்கை அந்த லொறிதான்."

கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, அந்த வருஷமே உன் பக்கத்து வாங்கில் இருந்தவன் நான். அந்த நாட்களைப் பற்றி எல்லாம் உனக்குச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். எனக்கே இது 36 வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்குச் சிங் "அந்தப் பொடியன்". தொலைக்காட்சியில் வந்தால் சத்தத்தைக் கூட்டச் சொல்வார்.

அடுத்தது பல். 2022 மார்ச்சில் லிபரலோடு செய்த ஒப்பந்தத்தில் சிங் கேட்டு வாங்கியவற்றில் முதலாவது பல் வைத்தியத் திட்டம். 25 ஆசனத்தை வைத்துக்கொண்டு வாங்கியது அது. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். முதியவர்களுக்கு 2024 மே முதலாம் திகதி தொடங்கியது, அம்மாவுக்கு அந்த ஆகஸ்டில் பல்செட் வந்தது. அதற்கு முன் ஆறு வருஷம் அம்மா குழைத்த சோறும் பருப்பும்தான். சிரிப்பு வந்தால் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வார். நானும் என் தங்கைமாரும் உழைக்கிறோம்தான், ஆனால் இங்கே பல்லுக்குக் கேட்கிற காசு உனக்குச் சொன்னால் நம்பமாட்டாய். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் பார்ப்போம் என்று தள்ளினோம். பல்செட் பழகி இரண்டு மாதத்தில் ஒரு நாள் குசினியில் "கடக்" என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மா கையில் பாதிக் கரட், வாயில் மீதி.

ரொலெக்ஸ் படத்தை எங்கள் குழுவில் முதலில் போட்டவன் அக்காவின் மூத்தவன். அவனுடைய அம்மம்மாவின் வாயில் இருக்கிற பல்லே அந்த மனுசன் வாங்கிக் கொடுத்தது. அவனுக்கு அது தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பெப்ரவரியில் ஓய்வூதியப் படம் வந்தபோது நானும் ஒரு சிரிப்புக் குறி போட்டேன். எல்லோரும் போட்டார்கள், போட்டேன். அது அழியாமல் அங்கேயே கிடக்கிறது, எண்ணிப் பார்த்தால் எட்டாவது ஆள் நான்.

ஈஸ்டர் சனிக்கிழமை அம்மாவை முற்கூட்டிய வாக்களிப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த நாலு நாளில் 73 இலட்சம் பேர் வாக்களித்தார்களாம், வரிசையைப் பார்த்தால் அரைவாசிப் பேர் எங்கள் இடத்தில்தான் நின்றார்கள் போல. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அம்மா ஒரு மணித்தியாலம் நின்றார். மறைப்புக்குப் பின்னால் போனவர் வெளியே எட்டிப் பார்த்து, "டேய், பொடியன்ரை பேர் இதிலை இல்லை" என்றார். தலைவரின் பேர் இருக்காது, இந்தத் தொகுதியில் நிற்கிறவரின் பேர்தான் இருக்கும், கட்சியின் பேரைப் பாருங்கள் என்று முந்தின இரவே மூன்று இங்கிலிஷ் எழுத்தை எழுதிக் காட்டியிருந்தேன். அதை நினைவுபடுத்துவதற்குள் அங்கே நின்ற பிள்ளை என்னைப் பேசக்கூடாது என்று கையைக் காட்டினாள். அம்மா திரும்பவும் உள்ளே போனார். கனநேரம் எடுத்தார். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

அடுத்த மறைப்பில் நான் லிபரலுக்குப் போட்டேன். பயத்தில்தான். 2011இலிருந்து ஒரு தேர்தல் தவறாமல் செம்மஞ்சளுக்குப் போட்டவன். காரில் வரும்போது, "நீயும் அவனுக்குத்தானே போட்டனீ?" என்று அம்மா கேட்டார். ஓம் என்றேன். நீ அந்த வீடியோவை அனுப்பியபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது விளங்கும்.

தேர்தல் முடிவு வந்த இரவு, நள்ளிரவு தாண்டியும் அம்மா தூங்கவில்லை. சிங்கின் அந்தப் பேச்சை முழுதாகப் பார்த்தார். பாட்டுப் போடாத, பொம்மை ஒட்டாத பேச்சு. முடிந்ததும், "பல்லைத் திருப்பிக் கேப்பினமே?" என்றார். இல்லை அம்மா என்றேன். அவர் தன் பல்லைப் பற்றிக் கேட்டாரா, இனி வரப்போகிறவர்களைப் பற்றிக் கேட்டாரா என்று தெரியவில்லை.

அடுத்த நாளிலிருந்து இணையத்தில் வேறு காட்சி. நல்ல மனுசன், நாகரிகமாய்ப் போனார், பல் கொடுத்தார், மருந்து கொடுத்தார் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். எங்கள் குழுவிலும் இரண்டு பேர் எழுதினார்கள். செத்த வீட்டில் கேட்கிற கதை மாதிரியே இருந்தது.

போன சனிக்கிழமை பிராம்ப்டனில் எங்கள் தமிழின அழிப்பு நினைவுத்தூபியைத் திறந்தார்கள். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். எங்கள் சனத்தோடு தலைப்பாகை கட்டினவர்களும் வந்து நின்றார்கள். அவர்களை நேருக்கு நேர் பார்க்க எனக்கு முடியவில்லை.

திரும்பி வந்து மூன்று நாள் யோசித்தேன். முந்தாநாள் இரவு குழுவில் அந்த அற்வோட்டர் சந்தை வீடியோவைப் போட்டு, கீழே அம்மாவின் பொட்டுக் கதையை அவர் சொன்னபடியே எழுதினேன். பல் யார் தந்தது என்றும் எழுதினேன். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. காலையில் அக்காவின் மூத்தவன் மட்டும் வேலைக்குப் போகிற வழியில் போன் எடுத்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, அம்மம்மா எந்த லொறியிலை வந்தவ?" என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மம்மாவையே கேள் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ அந்த வீடியோவை வேறு யாருக்கு அனுப்பினாய் என்று தெரியாது. அனுப்பியவர்களுக்கு இந்தக் கடிதத்தையும் வாசித்துக் காட்டு, மூக்கனுக்குக் கட்டாயம்.

பிறகு இன்னொன்று. ஜூலையில் உன் மருமகள் இங்கே வருகிறாள் என்றாய். அவளிடம் பருத்தித்துறை வடை ஒரு பை கொடுத்துவிடு, உங்கள் சந்தியடியில் சுடுகிற அந்தக் கடினமானதுதான் வேண்டும். அம்மா கேட்டார்.

அன்புடன்,
ராசன்