வண்டியைத் தூக்கலாமா, டயரை மாற்றலாமா?

நாகலூர், ஏற்காடு

அன்புள்ள மாப்ள,

பொங்கலுக்கு நீ போட்ட மெசேஜுக்கு இன்னும் பதில் போடவில்லை, தெரியும். திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். காப்பிப் பழம் பறித்து முடிந்தது, களத்தில் மிளகு காய்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். குட்டை வாத்தியார் இன்னும் அதே ஸ்கூட்டர், அதே ஹாரன்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஜீப்பைத் தள்ளிவிட்டு ஒரு இசுசு பிக்கப் வாங்கியிருக்கிறேன். செகண்ட் ஹேண்ட்தான், ஃபோர் வீல் டிரைவ். அதைப் பார்த்த நாளிலிருந்து அக்கா மகன் என்னை விடவில்லை. "மாமா, ரெண்டு இஞ்ச் லிஃப்ட் கிட் போட்டு, பெரிய டயர் மாட்டினா வண்டி எப்படி நிக்கும் தெரியுமா?" என்று போனில் படம் படமாகக் காட்டுகிறான். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் ஆசை வந்துவிட்டது. அவனுக்கு வயசு அப்படி. நீ ஆர்எக்ஸ் 100 சைலன்சரோடு வீடு வந்து சேர்ந்த வயசு. எனக்கு என்ன கேடு என்று கேட்காதே.

சேலத்தில் ஒரு கடையில் விசாரித்தோம். முன்னால் காயில் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர், பின்னால் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே ஒரு கட்டை, சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும் என்றார்கள். "இனிமே எங்கேயும் அடி தட்டாது சார்." அந்த ஒரு வார்த்தைதான் என்னை வண்டிக்கு அடியில் டேப்போடு படுக்க வைத்தது.

நம் தோட்டத்துப் பாதை உனக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் சக்கரம் பறித்த பள்ளம், நடுவில் மேடு. அந்த மேட்டில் தட்டுவது பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல், இன்ஜின் சுற்றை ரெண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. லிஃப்ட் கிட் வண்டியின் அடிச்சட்டமான சேஸியைத்தான் தூக்கும், பின் அச்சை அல்ல. அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது, எத்தனை இஞ்ச் தூக்கினாலும் அந்த உருண்டை இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயரால் மட்டும்தான் முடியும். முன்னால் கதை வேறு. அங்கே டிஃபரன்ஷியல் சேஸியோடு சேர்ந்திருப்பதால் அது உயரும். ஆனால் ஆக்சில் சாய்ந்து, அதன் முனையில் மடங்கிச் சுற்றும் மூட்டான சிவி ஜாயிண்ட் எப்போதும் கோணலாகவே சுற்ற வேண்டியிருக்கும். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் போனால் செலவு யாருக்கு?

அப்புறம் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். இப்போது இருப்பது 245/70 ஆர்16 டயர், அதாவது அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 16 இஞ்ச்; மொத்த உயரம் 749 மில்லிமீட்டர். பையன் கேட்பது 265/75, அது 804. பாதி உயரம்தான் அச்சுக்குக் கிடைக்கும் என்பதால் 27 மில்லிமீட்டர் லாபம். நல்லதுதான். ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் அது மட்கார்டில் உரசும். அடிவாரத்திலிருந்து மேலே வர இருபது கொண்டை ஊசி வளைவு, ஒடிக்காமல் எப்படி வருவது? ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 86-இல் போகும். டயர் கனம் கூடுவதால் பிரேக்குக்கும் வேலை கூடும். இறக்கத்தில் அதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நான் நினைப்பது 265/70. உயரம் 777, லாபம் 14 மில்லிமீட்டர். இந்த 14-க்கா இவ்வளவு பேச்சு என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரி. அதையே ஏ.டி., அதாவது தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரைன் டயராக எடுத்தால் சேற்றில் பிடி கிடைக்கும், தார் ரோட்டிலும் சத்தம் அதிகம் இருக்காது. சேற்றுக்கென்றே செய்த மட் டெரைன் வேண்டாம், நம் ஓட்டத்தில் முக்கால்வாசி தார்தானே, அதுவும் மழையில் நனைந்த தார். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாகத்தான் வாங்க வேண்டும். ஃபோர் வீலில் ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக ஓடினால் கியர் பெட்டிக்கு ஆகாது. உர மூட்டை ஏற்றினால் பின்பக்கம் உட்காருகிறது, அதற்குப் பின் ஸ்பிரிங்கில் பட்டை ஒன்று கூடுதலாகப் போட்டால் போதும்.

அம்மா இப்போதே கதவுக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுகிறார். இன்னும் ரெண்டு இஞ்ச் தூக்கினால் ஏணிதான்.

இதெல்லாம் பையனுக்குப் புரியும், புத்திசாலி. புரியாதது ஒன்றுதான். அவன் ராத்திரியில் மலை இறங்குகிறவன், காலியான வண்டியில், நண்பர்களோடு. உயரம் கூடினால் கனமும் மேலே போகும், வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும். ஹெட்லைட்டும் தூக்கிக்கொண்டு எதிரில் ஏறுகிறவன் கண்ணில் அடிக்கும். அக்கா இருக்கும் நிலையில் அவளுக்கு இன்னொரு போன் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நீ அன்று கூட இருந்தாய், உனக்கு விளக்க வேண்டாம்.

சட்டத்தை இன்சூரன்ஸ் சர்வேயரான உனக்கு நான் சொல்லக்கூடாது. வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, அதைப் பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது எல்லாம் உனக்கு மனப்பாடம். முன்னால் இருந்த கம்பி பம்பரை வாங்கிய அன்றே கழற்றிப் போட்டுவிட்டேன், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்றதுதானே. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்று: ஆர்.சி.யில் இருக்கும் வண்டிக்கு ஒரு அளவு பெரிய டயர் மாட்டினால் கிளைமில் உன் ஆட்கள் மூக்கை நுழைப்பார்களா? ஆமாம் என்றால் 245-லேயே ஏ.டி. வாங்கிவிடுகிறேன், மேட்டைக் கடப்பாரையால் செதுக்கிக்கொள்கிறேன்.

போனில் சொல்லாதே. எழுதி அனுப்பு, உன் ஆபீஸ் சீலோடு இருந்தால் இன்னும் நல்லது. அவனிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
சேட்டு