மலைக்காட்டின் கணக்கைக் கிராம சபையில் வையுங்கள்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட வன அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். தோவாளைச் சானல் பாயும் ஊரிலிருந்து எழுதுகிறேன். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளுக்கு மேலே காடு நன்றாக இருந்தால்தான் எங்கள் வயலில் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளையும். காட்டைப் பற்றிக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு என்று நம்பித்தான் இந்த மடல்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2025ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகக் காடுகளில் 20 சதவீதம், அதாவது 81.3 கோடி ஹெக்டேர், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட எல்லைகளுக்குள் இருக்கிறது. 1990ஐ விட இது 25.1 கோடி ஹெக்டேர் அதிகம். நம் மாவட்டமோ அந்த சராசரியை எப்போதோ தாண்டிவிட்டது. மாவட்டப் பரப்பில் ஏறக்குறைய 30 சதவீதம், சுமார் 500 சதுர கிலோமீட்டர், வனம். 2008இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயத்தின் பரப்பு மட்டும் சுமார் 402 சதுர கிலோமீட்டர். நம் வனத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு! திருவிதாங்கூர் அரசு காப்புக்காடாக (ரிசர்வ் காடாக) ஒதுக்கி வைத்த வீரப்புலி, அசம்பு, வேளிமலைக் காடுகள் 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்து, இன்றுவரை காடாக நிற்பதற்குச் சட்டமும் உங்கள் துறைப் பணியாளர்களும் முக்கியக் காரணம். அதை நன்றியோடு சொல்கிறேன்.

ஆனால் அரசாணை ஒரே நாளில் சதவீதத்தை உயர்த்திவிடும். எல்லைக்கு உள்ளே நிற்பது என்ன, அது கூடுகிறதா குறைகிறதா என்பதை அந்த எண் சொல்வதில்லை. எனக்குக் கவலை அங்கேதான்.

கீரிப்பாறைப் பக்கம் போனால் ரோட்டோரத்திலேயே பார்க்கலாம். வரிசை பிடித்து நிற்கும் ரப்பர் மரங்கள், பட்டையில் சரிவாக இழுத்த வெட்டு, அதன் கீழே பால் சொட்டும் கிண்ணம். அடியில் செடி கொடி சொற்பம். நாலு வளைவு ஏறிக் காளிகேசம் ஓடைக்கரைக்கு வந்தால் வேறு உலகம்: ஈரம் காயாத சருகு, பாறையெல்லாம் பாசி, ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படர்ந்த கொடிகள், தலைக்கு மேலே மூடிக்கிடக்கும் இலை. மழைநீரைப் பிடித்து வைத்து கோடையிலும் கசியவிடுவது இந்த இரண்டாவது காடுதான். செயற்கைக்கோள் படத்தில் இரண்டும் பச்சை. இந்திய வன அளவீட்டு நிறுவனத்தின் வரையறையில், ஒரு ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மர நிழல் இருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் எது என்று பார்ப்பதில்லை. அப்படியானால் ரப்பரும் தென்னந்தோப்பும்கூட அந்தக் கணக்கில் வந்துவிடும். சட்டப் பாதுகாப்புக்கு ஒரு கணக்கு, பச்சைக்கு ஒரு கணக்கு. உண்மையான மழைக்காடு எவ்வளவு என்பது இரண்டிலும் தெரியாது.

பெயர்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. 2022இல் அகத்தியமலை யானைகள் காப்பகம் வந்தது. இரண்டும் வரவேற்க வேண்டியவையே. ஆனால் காப்புக்காடு, சரணாலயம் போல இவற்றுக்குத் தனிச் சட்டப் பலம் கிடையாது. ஒரே மலையை நான்கு பெயரில் எண்ணினாலும் மலை ஒன்றுதான்.

இன்னொரு பக்கம் மலையோரத்துச் சிறு விவசாயிகள். சரணாலயங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டர், சில வேலைகளுக்குக் கட்டுப்பாடு உள்ள சூழல் உணர்திறன் மண்டலம் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் சொன்னபோது குலசேகரம், கடையாலுமூடு பக்கமெல்லாம் பட்டா நிலம் என்ன ஆகுமோ என்ற பயம். 2023 ஏப்ரலில் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டது. பயம் முழுதாகப் போகவில்லை. இவர்களைக் காட்டுக்கு எதிரிகள் என்று நினைப்பது பெரிய அநியாயம். எல்லை எங்கே ஓடுகிறது, எந்தச் சர்வே எண் உள்ளே, எது வெளியே என்று தெளிவான தமிழில் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பயம் வந்திருக்காது.

அதனால் கேட்கிறேன். ஒவ்வொரு காப்புக்காட்டுக்கும் ஒரு கணக்கு வெளியிடுங்கள். அதில் இயற்கைக் காடு எவ்வளவு, ரப்பர் எவ்வளவு, அணை நீர்ப்பரப்பு எவ்வளவு, ஐந்தாண்டுக்கு முன் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். மலைப் பழங்குடிகளான காணி மக்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கொடுத்த உரிமைகளும் அதே ஏட்டில் வரட்டும். அவர்களை விட்டுவிட்டு அந்தக் காட்டை யாரும் காத்துவிட முடியாது.

அப்புறம் ரப்பர். முப்பது ஆண்டு தாண்டினால் பால் குறைந்து வெட்டி மறுநடவு செய்கிறார்கள். வன நிலத்தில் உள்ள அரசுத் தோட்டங்களில் ஓடைக்கரையிலும் யானை நடக்கும் பாதையிலும் மட்டுமாவது அடுத்த நடவில் நம் மலையின் மரங்களே வரட்டும். இலங்கையிலிருந்து திரும்பி வந்து அந்தத் தோட்டங்களை நம்பி வாழும் குடும்பங்களுக்கு, நாற்றங்காலிலும் காடு வளர்ப்பிலும் அதே கூலியோடு வேலை கொடுத்துவிட்டு இதைச் செய்யுங்கள். அவர்கள் பிழைப்பைப் பறித்து வரும் காடு வேண்டாம்.

நவம்பர் 1 நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள். கிராம சபை கூடும் நாளும் அதுவே. இந்த ஆண்டு அன்றைக்கு மலையடிவாரத்து ஊராட்சிகளில் இந்தக் கணக்கை வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். கேள்வி கேட்க நாங்கள் வருவோம்.

அன்புடன்,
தோவாளை வட்டத்து விவசாயி ஒருவர்