கிருஷ்ணகிரி இருக்கும் திக்கு

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள தேவிக்கு,

வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் முடிந்தது, டி.வி. மட்டும் பாக்கி என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து தருவிக்கலாம் என்று சொல்கிறாரே, கூடையைக் கவிழ்த்த மாதிரி ஒரு ஆட்டோமேட்டிக் டிஷ், அதை வாங்க வேண்டாம் என்று சொல். பொருளில் குறை ஒன்றுமில்லை, அது அந்த ஊருக்கென்று செய்தது. அங்கே அந்த டிஷ் பிடிக்கும் சேவைகளுக்கு அலை திருகாணி மாதிரி சுழன்று வருகிறது, நம் டி.டி.எச்.சில் நெட்டாகவோ குறுக்காகவோ வருகிறது. அது தேடுவது 12.2 முதல் 12.7 கிகாஹெர்ட்ஸ். அதன் மூளையில் இருப்பதெல்லாம் அந்த ஊர் செயற்கைக்கோள்கள் நிற்கும் இடங்கள், 110, 119, 129 டிகிரி மேற்கு. நமக்கு வேண்டிய செயற்கைக்கோள் நிற்பது 93.5 டிகிரி கிழக்கு. இங்கே கொண்டுவந்து வைத்தால் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு நின்றுவிடும்.

வேன் கூரையில் டிஷ்ஷைப் பொருத்துவதும் வேண்டாம். உள்ளே ஒருவர் எழுந்து நடந்தாலே வண்டி ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு டிகிரி ஆடும், படம் கட்டம் கட்டமாக உடையும். அதோடு, ராஜஸ்தான் வெயிலில் வண்டியை மர நிழலில்தான் நிறுத்துவாய். டிஷ்ஷுக்கோ திறந்த வானம் வேண்டும். தரையில் முக்காலி போட்டு 10 மீட்டர் கேபிள் இழுத்தால் இரண்டும் நடக்கும். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலை ஓரத்திலும் போன் நெட்டே போதும்; இரண்டு நாளுக்கு மேல் தங்கும் இடத்தில் மட்டும் டிஷ்ஷை எடு.

எந்த சேவை? உன் மாமியார் கூட வருகிறார் என்பதால் இதற்கு விடை பாதி முடிவாகிவிட்டது. டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா கிடையாது. தமிழுக்கு அதில் டிடி தமிழ் உண்டு (பொதிகை என்று இருந்ததுதான், 2024 ஜனவரியில் பெயர் மாறியது). ஆனால் சன் டி.வி.யின் சாயங்கால சீரியல்கள் அதில் கிடைக்காது. அதற்கு சன் டைரக்ட் வைத்துக்கொள். இரண்டுமே 93.5 டிகிரியில் ஜிசாட்-15 செயற்கைக்கோளில் வருவதால் டிஷ்ஷைத் தொடாமல் பாக்ஸை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். டாடா ப்ளே 83 டிகிரி, ஏர்டெல் 108.2 டிகிரி, வீட்டில் இருக்கிறதே என்று அந்த பாக்ஸைக் கொண்டுபோனால் கீழே எழுதியிருக்கும் கணக்கு எதுவும் பொருந்தாது. சந்தா பாக்ஸ் பல வாரம் மூடிக் கிடந்தால் சேனல் பூட்டிக்கொள்ளும். ரீசார்ஜ் செய்யும்போது டிஷ் சரியாக நின்று பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், திறக்கும் உத்தரவு வானத்திலிருந்துதான் வருகிறது.

வாங்க வேண்டியவை எல்லாம் எஸ்.பி. ரோட்டில் ஒரே நடையில் கிடைக்கும். 60 சென்டிமீட்டர் டிஷ் (மங்களூர், கோவா மழையில் தங்குவதானால் 75 நல்லது, ஆனால் கட்டிலுக்கு அடியில் போகிறதா என்று அளந்து பார்), 9750/10600 என்று எழுதிய யுனிவர்சல் எல்.என்.பி. (டிஷ்ஷின் கை முனையில் சிக்னலை வாங்கும் சின்ன டப்பா) ஒன்றும் உபரி ஒன்றும், கனமான இரும்பு முக்காலி, ஆர்ஜி-6 டிஷ் கேபிள், அதன் முனையில் மாட்ட ஆறு எஃப் கனெக்டர், கொத்தனார் வைத்திருப்பாரே அந்த ரசமட்டம், திசைகாட்டி. ஃப்ரீ டிஷ் பாக்ஸ் வாங்கும்போது பின்பக்கம் பார்: 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவதாக இருக்க வேண்டும், 230 வோல்ட் ஒயர் நேரே உள்ளே போவது வேண்டாம். டி.வி.யும் அப்படியே, 24 இன்ச், 12 வோல்ட்.

பேட்டரியிலிருந்து பாக்ஸுக்கு நேரே ஒயர் இழுக்காதே. எஞ்சின் ஓடும்போது 14.4 வரை ஏறும், ராத்திரி 11.5க்கு இறங்கும். ஏறினால் பாக்ஸ் போய்விடும். இறங்கினால் வேறு விதமாகப் படுத்தும்: பாக்ஸ் கேபிள் வழியே எல்.என்.பி.க்கு 13 வோல்ட் அனுப்பினால் நெட்டு அலை, 18 அனுப்பினால் குறுக்கு அலை. மின்சாரம் தளர்ந்து 18 எட்டாவிட்டால் பாதி சேனல் வரும், பாதி வராது. டிஷ் நகர்ந்துவிட்டது என்று நினைத்து அதைப் போட்டுத் திருப்பக் கூடாது. 12 வோல்ட்டில் நிலையாக நிறுத்தும் கன்வெர்ட்டர் ஒன்று, 5 ஆம்பியர், பேட்டரி முனையருகே ஃபியூஸோடு போட்டுவிடு. டி.வி.யும் பாக்ஸும் சேர்ந்து சுமார் 40 வாட். நாலு மணி நேரம் பார்த்தால் 13, 14 ஆம்பியர்-அவர் போகும். உன் 100 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அது பெரிய பாரமில்லை.

இனி திருப்பும் வேலை. நம் மாடியிலிருந்து 93.5 எங்கே என்றால், திசை 128 டிகிரி, அதாவது தென்கிழக்கு. கிருஷ்ணகிரி இருக்கும் திக்கு என்று ஞாபகம் வைத்துக்கொள். அடிவானத்திலிருந்து உயரம் 66 டிகிரி, ஏறக்குறைய தலைக்கு மேல். எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் திருகும் அளவு 50 டிகிரி. இதே வரிசையில் கோவா பணஜியில் 127, 61, 50. ஜெய்ப்பூரில் 145, 53, 31. லேயில் 153, 47, 22. வேறு ஊருக்கு டிஷ் பாயிண்டர் ஆப் சொல்லிவிடும்.

இந்த மூன்றில் எல்லாரும் கோட்டை விடுவது கடைசி எண்ணில். எல்.என்.பி.யை நேராக மாட்டிவிட்டு டிஷ்ஷை மட்டும் மணிக்கணக்கில் ஆட்டுவார்கள். வடக்கே அது ஓரளவு செல்லும், இங்கே செல்லாது. 50 டிகிரி தப்பு என்றால் நெட்டும் குறுக்கும் சரிபாதியாகக் கலந்து உள்ளே வரும். பாக்ஸின் சிக்னல் பக்கத்தில் ஸ்ட்ரெங்த் 80 காட்டும், குவாலிட்டி பூஜ்யத்தில் கிடக்கும். அதைவிட வேடிக்கை, எதிர்ப்பக்கம் 50 திருப்பிவிட்டால் மொத்தம் 100 டிகிரி தப்பு. பாக்ஸ் நெட்டைக் கேட்கும், எல்.என்.பி. குறுக்கைக் கொடுக்கும். எந்தப் பக்கம் திருப்புவது? டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி, இடஞ்சுழியாக. செயற்கைக்கோள் நமக்குக் கிழக்கே இருக்கும் வரை இதுதான் விதி, இந்தியாவில் நீ போகப்போகும் ஊர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். முக்காலி நிறுத்துவதற்கு முன்பே திருகிவிடு, கடைசியில் குவாலிட்டி பார்த்து முன்பின் இரண்டு மூன்று டிகிரி சரி செய்.

அடுத்தது உயரம். நம்ம டிஷ் முகம் பார்க்கும் இடத்திலிருந்து சிக்னல் எடுப்பதில்லை. எல்.என்.பி. கீழே தள்ளி இருப்பதால் முகம் பார்ப்பதற்கு 20, 25 டிகிரி மேலேயிருந்து எடுக்கிறது. எவ்வளவு என்பது டிஷ்ஷுக்கு டிஷ் மாறும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கிளம்பும் முன் நம் மாடியில் வைத்து குவாலிட்டி உச்சத்தில் நிறுத்து. டிஷ் முகத்தின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் குறுக்கே மரச் சட்டம் ஒன்றை வைத்து, அதன்மேல் போனை வைத்து, சாய்வு காட்டும் ஆப்பில் பார். நெட்டுக்குத்தாக நிற்பதிலிருந்து எத்தனை டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது? 42 என்று வைத்துக்கொள்வோம். 66இலிருந்து 42 போக 24. அந்த 24ஐ டிஷ்ஷின் முதுகில் பெயின்டில் எழுதிவிடு. ஜெய்ப்பூரில் 53இலிருந்து 24ஐக் கழி, 29 டிகிரி சாய்த்து வை. லேயில் 23. பிராக்கெட்டில் அச்சடித்த அளவுகோலை நம்பவே வேண்டாம். முக்காலியின் தண்டு மட்டும் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும்; ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார். தண்டு சாய்ந்தால் திசை மாறும்போதெல்லாம் உயரமும் சேர்ந்து மாறும்.

உயரம் சரியாகிவிட்டால் திசை சுலபம், அதுவும் தெற்கே ரொம்பச் சுலபம். இங்கே டிஷ்ஷை 5 டிகிரி தப்பாகத் திருப்பினாலும் வானத்தில் 2 டிகிரிதான் விலகும். லேயில் அதே 5, மூன்றரை டிகிரி ஆகிவிடும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலமே மொத்தம் 3 டிகிரிதான். திசைகாட்டியை வண்டியிலிருந்தும் முக்காலியிலிருந்தும் பத்தடி தள்ளி நின்று பார், இரும்பு முள்ளை இழுக்கும்.

ஃப்ரீ டிஷ் பாக்ஸ் மெனுவில் அலைவரிசை 11090, வெர்டிகல் (நெட்டு), சிம்பல் ரேட் 29500 என்று கொடுத்து சிக்னல் பக்கத்தைத் திறந்து வை. டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பு, கையை எடு, மூன்று எண்ணு, பார். பாக்ஸ் பிடித்துச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகும். வேகமாகத் திருப்பினால் செயற்கைக்கோளைக் கடந்து போய்விடுவாய், தெரியாது. ஸ்ட்ரெங்த்தைப் பார்த்து சந்தோஷப்படாதே, வெறும் வானத்துக்குக்கூட 50 காட்டும்; குவாலிட்டிதான் கணக்கு. கீச்சுக் கீச்சென்று கத்தும் மலிவு சிக்னல் ஃபைண்டர் எந்தச் செயற்கைக்கோளைக் கண்டாலும் கத்தும், பக்கத்திலேயே 91.5, 95 எல்லாம் இருக்கின்றன. பிடித்துவிட்டால் போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி இறுக்கு. ஒரே பக்கம் முழுதாக இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

மரம் மறைக்குமா என்று தெரிய: 10 மீட்டர் உயர மரம் பெங்களூரில் நாலரை மீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும், லேயில் ஒன்பதரை மீட்டருக்குள் இருந்தாலே மறைக்கும். மலை அடிவாரத்தில் இடம் தேர்ந்தெடுக்கும்போது தென்கிழக்கைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்து.

"எல்.என்.பி. ஷார்ட்" என்று திரையில் வந்தால் கனெக்டரைக் கழற்று. பெரும்பாலும், கேபிளின் வெளிப் பின்னலில் ஒரு மயிரிழைக் கம்பி நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். நடுக்கம்பி கனெக்டர் வாயிலிருந்து 2 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும், பின்னலை முழுதாக மடித்துவிடு. கழற்றும்போதும் மாட்டும்போதும் பாக்ஸ் அணைந்திருக்கணும். எல்.என்.பி. பக்கக் கனெக்டருக்கு ரப்பர் டேப் சுற்று, கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே கொண்டுபோ, மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மார்ச் முதல் பாதியிலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் காலை 11 மணி வாக்கில் சில நிமிடம் படம் போனால் எதையும் தொடாதே. சூரியன் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, தானே நகரும்.

காற்றுக்கு, 10 லிட்டர் தண்ணீர் கேனை முக்காலி நடுவில் கட்டித் தொங்கவிடு. கேபிள் கிடக்கும் பக்கம் மாப்பிள்ளை வண்டியைப் பின்னால் எடுக்காமல் பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை டிஷ்ஷோடு வீட்டுக்கு வா, மாடியில் அந்த 24ஐக் கண்டுபிடித்துவிடலாம். சின்டெக்ஸ் டேங்குக்கு இந்தப் பக்கம் நின்றால் மறைக்காது. பெயின்ட் டப்பா என்னிடம் இருக்கிறது, பிரஷ் மட்டும் வாங்கி வா.

அம்மா