முட்டியில கொஞ்சம் கையை வச்சுப் பாருங்க சார்

கடலூர்லயும் பாண்டிச்சேரியிலயும் ஓபி பாக்குற டூட்டி டாக்டருங்க, எலும்பு டாக்டருங்க, பிசியோதெரபிஸ்டுங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் படிச்சவன் இல்ல, திருப்பாதிரிப்புலியூர்ல டூவீலர் மெக்கானிக், 22 வருஷமா இதே வேலைதான். ஒருத்தர் வண்டியைத் தள்ளிக்கினு வந்து "ஹேண்டில் ஆடுதுண்ணே"ன்னா நான் முதல்ல சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஃபோர்க்கை அடியில ரெண்டு கையால புடிச்சு முன்ன பின்ன இழுத்துப் பாப்பேன். கோன் செட், அதான் ஹேண்டில் கழுத்துல இருக்குற பேரிங், போயிருந்தா ஒரு 'கடக்' கையில தெரியும், கண்ணால எவ்ளோ நேரம் உத்துப் பாத்தாலும் தெரியாது. அப்புறம்தான் ஸ்பேனரே எடுப்பேன். முட்டி வலின்னு வர்றவனுக்கும் அதையே செய்யுங்கன்னு கேக்கத்தான் இதை எழுதுறேன்.

என் தங்கச்சி பையன், 19 வயசு, கபடியில ரெய்டு போறவன். காணும் பொங்கலன்னிக்கு ஒரு மேட்ச்ல எகிறிக் குதிச்சு ஒத்தக் கால்ல இறங்கி அப்படியே திரும்புனான், யாரும் அவனைத் தொடக்கூட இல்ல, "மாமா, உள்ள டப்புன்னு கேட்டுச்சு"ன்னு மண்ணுல உக்காந்துட்டான். ரெண்டு மணி நேரத்துக்குள்ள முட்டி பண்ருட்டி பலாக்கொட்டை மூட்டை மாதிரி வீங்கிடுச்சு. ராத்திரி ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடுனோம். எக்ஸ்ரே எடுத்தாங்க, "எலும்பு நல்லா இருக்கு, சுளுக்குதான்"னு கிரேப் பேண்டேஜ் சுத்தி அஞ்சு நாளைக்கு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. அந்த சீட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. எப்படி அடிபட்டுச்சு, சத்தம் கேட்டுச்சா, எவ்ளோ நேரத்துல வீங்குச்சு, ஒண்ணும் அதுல இல்ல.

அவங்களைத் திட்டுறதுக்கு எழுதலைங்க. காஷுவாலிட்டி வாசல்ல அன்னிக்கு நின்ன கூட்டத்தை நானே பாத்தேன், பொங்கல் வேற. ஆனா எவ்ளோ நேரத்துல வீங்குச்சுன்னு ஒரு கேள்வி கேக்க பத்து செகண்டு போதும் இல்லையா. மறுநாள் மெதுவா வீங்குனா ஒரு கதை, ரெண்டு மணி நேரத்துல வீங்குனா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம், அப்படி வீங்குற முட்டியில நிறைய ஏசிஎல், அதான் முட்டிக்குள்ள இருக்குற முன்பக்க சவ்வு, கிழிசல்தான் இருக்கும்னு பின்னாடி எங்களுக்குச் சொன்னாங்க. எக்ஸ்ரே எலும்புக்கு, சவ்வு அதுல தெரியாதுன்னு எனக்கே இப்ப தெரியும். ஊர்ல பாதிப் பேர் "எக்ஸ்ரே நார்மல்"னா முட்டியே நார்மல்னு நெனச்சுக்கினு மறு வாரமே கிரவுண்டுல இறங்குறான்.

அடுத்து வேற ஒரு இடம். அங்க கை வச்சாங்க, பொய் சொல்லக்கூடாது. முட்டியை 90 டிகிரி மடக்கச் சொல்லி, பாதத்து மேல உக்காந்து, கெண்டைக்கால் மேல்பக்கம் ரெண்டு கையால புடிச்சு முன்னாடி இழுத்துப் பாத்தாங்க, டிராயர் டெஸ்டாம், மேசை டிராயரை இழுக்குற மாதிரியே இருந்துச்சு. வரல, "ஒண்ணும் இல்ல"ன்னுட்டாங்க. எப்படி வரும்? அடிபட்டு நாலு நாள்தான் ஆச்சு, பையனால முழுசா மடக்கவே முடியல, வலியில தொடைக்குப் பின்னாடி சதையை இரும்பு மாதிரி இறுக்கிக்கினு இருந்தான், அந்த சதை காலைப் பின்னாடி இழுக்குது, டாக்டர் முன்னாடி இழுக்குறாரு. அதுவும் போதாதுன்னு மடக்குன முட்டிக்குள்ள ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்குற ஜவ்வோட பின் ஓரம் வந்து, நாங்க வண்டி உருளாம இருக்க டயருக்கு அடியில கல்லு வைப்போமே, அந்த மாதிரி முட்டுக் கொடுத்து நிக்குமாம். புது அடிக்கு இந்த டெஸ்ட்டை மட்டும் நம்புனா ஏமாந்துடுவோம்.

மூணு மாசம் கழிச்சு அவன் திரும்ப ஆடப் போயி, முட்டி மடங்கி விழுந்து, ஜவ்வும் சேந்து கிழிஞ்சது. அப்புறம்தான் கன்னியக்கோயில், தவளக்குப்பம்னு பஸ்ஸுல குலுங்கிக்கினு பாண்டிச்சேரிக்குப் போனோம். அங்க வயசான டாக்டர் ஒருத்தர். ஃபைலை மேசையில கவுத்துப் போட்டுட்டு, "முதல்ல நல்ல காலைக் காட்டுப்பா"ன்னாரு. எனக்கு அப்பவே பாதி நம்பிக்கை வந்துடுச்சு, ஏன்னா நானும் டவுட் இருந்தா பக்கத்துல நிக்குற நல்ல வண்டியை ஆட்டிப் பாத்துட்டுதான் இதைத் தொடுவேன். தொடைக்கு அடியில ஒரு தலகாணியைச் சொருகி, முட்டி லேசா, 20லேருந்து 30 டிகிரிதான் இருக்கும், மடங்குற மாதிரி வச்சாரு. பின்சதையைத் தட்டிப் பாத்து "இறுக்காத, தூங்குற மாதிரி விடு"ன்னாரு. ஒரு கையால தொடையை அசையாம புடிச்சு, இன்னொரு கையால காலை மேல டக்குனு இழுத்தாரு. நல்ல முட்டியில அது கொஞ்சம் வந்து 'டக்'னு நின்னுச்சு. அடிபட்ட முட்டியில நிக்கவே இல்ல, சொதசொதன்னு வந்துக்கினே இருந்துச்சு. என் கையையும் புடிச்சு வச்சுக் காட்டுனாரு. அறுந்த கிளட்ச் கேபிளை இழுத்தா எப்படி இருக்கும், அதேதான். அரை நிமிஷம் கூட ஆகல. ஏசிஎல் கிழிஞ்சிருக்குன்னாரு. எம்ஆர்ஐ அப்புறமா எடுத்தாங்க, அவர் சொன்னதுதான் வந்துச்சு.

இதுக்குப் பேரு லாக்மன் டெஸ்ட். அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா டெம்பிள் யுனிவர்சிட்டியில ஜான் லாக்மன்னு ஒரு எலும்பு டாக்டர் சொல்லிக் குடுத்தது, அவர்கிட்ட படிச்ச ஜோசப் டோர்க் 1976ல எழுதி வெளியிட்டாரு, வாத்தியார் பேரையே வச்சுட்டாரு, நல்ல மனுஷன். 2006ல நிறைய ஆராய்ச்சியை ஒண்ணா சேர்த்துப் போட்ட கணக்குல, கிழிஞ்ச முட்டி 100 வந்தா லாக்மன் 85ஐப் புடிச்சிடுது. பிவட் ஷிஃப்ட்னு இன்னொண்ணு, காலை உள்பக்கம் திருப்பி முட்டியை உள்ள தள்ளிக்கினே நீட்டுலேருந்து மடக்குறது, அது 24ஐத்தான் புடிக்குது, ஆனா கிழியாத முட்டி 100ல 98ஐ அது சரியா விட்டுடும், அதனால அது வந்துச்சுன்னா கிழிசல்னு பெரும்பாலும் அடிச்சுச் சொல்லலாம். முழிச்சிருக்குறவன் பயத்துல இறுக்கிக்குவான், அதான் அது சிக்குறதில்ல, மயக்க மருந்து குடுத்தப்புறம் பாத்தா நல்லா தெரியுமாம். உங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம்னு தெரியும். படிச்சதை ஓபியில பண்ணணும், அதான் என் வழக்கே.

பைக்ல விழுந்து வர்ற கேசுக்கு ஒரு வார்த்தை, ஈசிஆர்ல விழுந்த வண்டியெல்லாம் என் கடைக்குத்தான் வருது, ஓட்டுனவன் உங்ககிட்ட வர்றான். மடக்குன முட்டி ரோட்டுல நேரா இடிச்சா போறது பின்பக்க சவ்வு, பிசிஎல். அது போனா நீங்க தொடுறதுக்கு முன்னயே காலு பின்பக்கமா சரிஞ்சு உக்காந்துக்கும். இழுத்தா அது சரியான இடத்துக்குத்தான் வரும், நீங்க முன்னாடி வருதுன்னு நெனச்சு ஏசிஎல்னு எழுதிடுவீங்க. அதனால இழுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு முட்டியையும் மடக்கி வச்சு சைடுலேருந்து ஒரு தடவை குனிஞ்சு பாருங்க, பள்ளம் தெரியும். பக்கவாட்டுல அடிபட்டவனுக்கு 30 டிகிரியில தள்ளிப் பாத்துட்டு நிறுத்திடாதீங்க, நீட்டியும் தள்ளிப் பாருங்க, நீட்டுனப்பவும் விரிஞ்சா சைடு சவ்வோட நிக்கல, உள்ள இன்னும் என்னமோ போயிருக்கு. எல்லாப் பக்கமும் ஆடுற முட்டின்னா பாதத்துல நாடி இருக்கான்னு முதல்ல பாருங்க, முட்டிக்குப் பின்னாடி ரத்தக்குழாய் போயிருந்தா காலே போயிடும்.

நாங்க கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. புது வீக்கத்துல எதுவும் தெரியலைன்னா "தெரியல"ன்னே சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டோம், ஆனா ஒரு வாரம் பத்து நாள்ல வீக்கம் வத்துனதும் திரும்ப வரச் சொல்லுங்க, அதுவரைக்கும் கிரவுண்டு பக்கமே போகாதேன்னு சீட்டுலயே எழுதுங்க, நாங்க சொன்னா இந்தப் பசங்க கேக்க மாட்டானுங்க, டாக்டர் எழுத்துன்னா கோச்சும் கேப்பாரு. எந்த டெஸ்ட் பண்ணீங்க, வலது எப்படி இடது எப்படின்னு ரெண்டு வரி போடுங்க, அடுத்த டாக்டர் மறுபடி ஆனா ஆவன்னாலேருந்து ஆரம்பிக்க வேணாம். கை சின்னது, தொடை பெருசுன்னு சில லேடி டாக்டருங்க தயங்குறாங்களாம், தொடைக்கு அடியில உங்க முட்டியையே முட்டுக் கொடுத்துக்கலாம்னு அந்தப் பெரிய டாக்டர் கூட நின்ன ஸ்டூடண்டுக்குச் சொல்லிக் குடுத்தாரு.

பையனுக்கு ஆபரேஷன் ஆயி அஞ்சாவது மாசம், என் தங்கச்சி சீட்டை ஏலத்துல தள்ளி எடுத்து கட்டுனா. இப்ப கடைக்கு வந்து ஸ்டூல்ல உக்காந்து பிளக் தொடச்சுக் குடுக்குறான், நடுவுல நடுவுல ரெண்டு முட்டியையும் தடவிப் பாத்துக்குறான்.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்